பெரியம்மாவிடம் கேளுங்கள்: அறிக்கை யார் காதுக்கு?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் ஒரு கோயில் கமிட்டிக்குச் செயலாளராக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, 2021 கலவரத்தில் இங்கே நடந்ததைப் பற்றி “உங்கள் கோயில் என்ன சொல்கிறது?” என்று கேட்கிறார். இந்த வருடம் எழுத்திலேயே ஓர் அறிக்கை கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். பாதிப் பேர் “நம் பிள்ளைகள் வீட்டைக் காத்தார்கள், அதைச் சொல்” என்கிறார்கள். மீதிப் பேர் “உயிரிழப்புக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி போதும், வம்பு வேண்டாம்” என்கிறார்கள். எது தர்மம் பெரியம்மா?
— ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: இரண்டுமே இல்லை தம்பி.

இதைச் சொல்ல இவள் யார் என்று உங்கள் கமிட்டியில் கேட்பார்கள். டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில், இன்றைக்கு டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பலகை மாட்டியிருக்கிறார்களே அங்கே, ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். பகலெல்லாம் பிரமாணப் பத்திரம், ராத்திரியில் சங்கங்களின் அறிக்கை. அறிக்கை பிறக்கிற அறை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் கோபத்தோடு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். ஐந்து பேர் அதில் கை வைப்பார்கள். விடியும்போது அந்த வாக்கியம் யாரையும் குறிக்காமல், யாருக்கும் வலிக்காமல், யாருக்கும் உதவாமல் வெளியே போகும்.

உங்களுடைய “உயிரிழப்புக்கு வருந்துகிறோம்” அந்த ஜாதிதான். உயிர் தானாகவே எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருக்கிறது. வெள்ளத்தில் போன உயிருக்கும் இதே வரியைப் போடலாம்.

நடந்ததை முதலில் வரிசையாக வையுங்கள். ஜூலை 7 ராத்திரி முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனார். அடுத்த சில நாட்களில் குவாசூலு-நட்டால், கௌடெங் மாகாணங்களில் கடைகளும் கிடங்குகளும் எரிந்தன. மொத்தத்தில் 350 பேருக்கு மேல் செத்தார்கள். உங்கள் ஊரில் போலீஸ் வரவில்லை. போலீசும் உளவுத்துறையும் கோட்டைவிட்டதை அதிபர் நியமித்த நிபுணர் குழுவே 2022 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில் எழுதிவிட்டது. ஆட்கள் தெருமுனையில் தடுப்பு போட்டார்கள், பயந்துதான் போட்டார்கள். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதே தடுப்புகளில் தோலின் நிறத்தைப் பார்த்து ஆட்களை நிறுத்தினார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். பீனிக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் கொல்லப்பட்டவர்கள் 36 பேர் என்று போலீஸ் அமைச்சர் பெக்கி செலே ஆகஸ்ட் மாதம் அறிவித்தார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இதிலும் பொய்யில்லை.

முதல் பாதியை மட்டும் சொல்கிறவர் இருக்கிறார், இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறவரும் இருக்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதனால்தான் இந்தச் சண்டை ஓயமாட்டேன் என்கிறது. ஆகவே அறிக்கை உண்மையா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. யாருடைய முகத்துக்கு நேரே சொன்னார் என்று கேட்க வேண்டும். உங்கள் கோயில் மண்டபத்தில் “பிள்ளைகள் காத்தார்கள்” என்று சொன்னால் கைதட்டுவார்கள். அதைப் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான பம்பாயியிலோ ஸ்வெலிஷாவிலோ மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாசலில் நின்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்த வரி உங்கள் ஆட்களைத் தட்டிக்கொடுக்க எழுதியது. அங்கே போய் “எல்லாம் எங்கள் தப்பு” என்று அழுதுவிட்டு, மண்டபத்துக்குத் திரும்பியதும் வேறு பேச்சுப் பேசினால் அது இன்னும் மோசம்.

டைப்பிஸ்டின் கைப்பழக்கம் விடவில்லை, ஒரு வரைவு எழுதித் தருகிறேன்:

“2021 ஜூலையில் எங்கள் ஊரிலும் சுற்றிலும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். போலீஸ் இல்லாத அந்த நாட்களில் எங்கள் தெருக்களில் நாங்கள் தடுப்பு போட்டோம். அந்தத் தடுப்புகளில் சிலர் செய்தது தற்காப்பு அல்ல, குற்றம். அதைக் கண்ணால் கண்ட எங்கள் உறுப்பினர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.”

கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. அது உங்கள் ஆட்களைப் பார்த்து, அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைக் கேட்கிறது. அதைப் படித்ததும் இரண்டு பேர் எழுந்து போவார்கள், அடுத்த காவடிக்கு நன்கொடை குறையலாம். அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் அறிக்கை வெளியே போகுமென்றால் அறிக்கையே வேண்டாம், போனை எடுக்காமல் இருங்கள். சும்மா இருந்தால் குறைந்தபட்சம் பொய்யாவது சேராது.

கேள்வி: அதே 2021 ஜூலைக் கலவரத்தை அதிபர் ராமபோசா “கிளர்ச்சி முயற்சி” என்றார். பாதுகாப்பு அமைச்சர் “இல்லை” என்றார். இரண்டு நாளில் “ஆமாம்” என்றார். இதில் யார் நேர்மையானவர்?
— ஒரு வாசகர், லெனேசியா

பதில்: அமைச்சர் மபிசா-இன்காகுலா நாடாளுமன்றக் குழு முன் பேசினார். கிளர்ச்சி என்றால் அதற்கு ஒரு முகம் இருக்க வேண்டும், அப்படி எதையும் காணவில்லை என்கிற கருத்தில் பேசினார். அவர் தெரிந்து பேசினாரா, தெரியாமல் பேசினாரா, அது வேறு விசாரணை. ஆனால் எம்.பி.க்கள் கேட்கும்போது தன் தலைவருக்கே மாறாகப் பேசினார் என்பதைக் கவனித்தேன். பிறகு மாற்றிக்கொண்டபோது, எந்தப் புதுத் தகவலைப் பார்த்து மாற்றினார் என்று மக்களிடம் விளக்கவில்லை. கருத்தை மாற்றுவதில் தப்பே இல்லை. ஏன் மாற்றினேன் என்று சொல்லாமல் மாற்றினால், சாட்சியம் மாறியதா, நாற்காலிக்கு ஆபத்து வந்ததா என்று நமக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த மாதமே அமைச்சரவையை விட்டுப் போனார், போய் சபாநாயகர் ஆனார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஆயா (உங்களைப் பெரியம்மா என்று கூப்பிட எனக்கு வயசு போதாது), வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியை எங்கள் தெருக் குழுவில் போட்டேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. நான் எதையும் சொல்லவில்லையே, வந்ததைத்தானே தள்ளிவிட்டேன்?
— ஒரு மாணவி, டோங்காட்

பதில்: கண்ணு, 1949 ஜனவரி 13-ஆம் தேதி சாயங்காலம் டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம், வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். ஒரு கறுப்பினப் பையனுக்கும் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் கைகலப்பு. பையனுக்கு 14 வயது. தலையில் அடி, ரத்தம். ஆனால் உயிரோடு இருந்தான். அவன் செத்துவிட்டான் என்று வரிசையில் நின்றவர்கள் வாய்க்கு வாய் சொன்னார்கள். அவர்களில் யாரும் தாங்களாக எதையும் சொல்லவில்லை, வந்ததைத்தான் தள்ளிவிட்டார்கள். மூன்று நாளில் 142 பேர் செத்தார்கள். அதில் கறுப்பினத்தவர் 87, இந்தியர் 50. ஆயிரத்துக்கு மேல் காயம். கேட்டோ மேனரில் வீட்டோடு எரிந்த குடும்பங்களின் கதையை இன்றைக்கும் கல்யாண வீட்டில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போலீசும் ராணுவமும் சுட்டதில் செத்த கறுப்பினத்தவரின் கதையை நம் கல்யாண வீட்டில் நான் கேட்டதில்லை.

அதே 1949-ன் இன்னொரு காரியத்தையும் உனக்குச் சொல்ல வேண்டும். கலவரம் முடிந்து மூன்று வாரத்தில், பிப்ரவரி 6-ஆம் தேதி, கறுப்பினத் தலைவர்களும் இந்தியத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே அறிக்கை விட்டார்கள். நாட்டின் அரசியல், பொருளாதார, சமூக அமைப்பே அடிப்படைக் காரணம், மேலிடங்களிலிருந்து இனவெறுப்பைப் பிரசாரம் செய்ததும் காரணம் என்றார்கள். சாம்பல் ஆறுவதற்கு முன்னால் அப்படி ஒரு தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்து வைப்பது லேசான காரியமில்லை. ஒவ்வொருவரும் தன் தெருவுக்குத் திரும்பிப் போய், “எதிரியோடு உட்கார்ந்தாயா?” என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. அரசைக் குற்றம் சொன்னது சரி, அது உண்மையும்கூட. ஆனால் அன்றைக்குக் கறுப்பின மக்களுக்கு இந்தியக் கடையின் விலை மேலும், இந்திய பஸ்காரர்கள் நடத்திய விதத்தின் மேலும் கசப்பு இருந்தது. அதை நம் பக்கத்து ஆள் ஒருவர் தன் வாயால், நம் வியாபாரிகளைப் பார்த்துத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொது எதிரியைக் காட்டும் அறிக்கையில் ஒரு வசதி இருக்கிறது, இரண்டு வீட்டுக்காரரும் தன் வீட்டைப் பார்க்காமல் தப்பிக்கலாம்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. அதே குழுவில், அதே ஆட்களுக்கு, “நேற்று நான் போட்டது பொய்” என்று எழுது. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. கேட்டவர்கள் காதில் அது அழியாது.

கேள்வி: 2018-ல் EFF கட்சித் தலைவர் ஜூலியஸ் மலேமா “இந்தியரில் பெரும்பாலோர் இனவெறியர்” என்றார். எங்கள் தாத்தா கரும்பு வெட்டினவர். நாங்கள் யாருக்கு என்ன செய்தோம்? இது வெறுப்புப் பேச்சு இல்லையா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்களுக்கு வலித்தது எனக்கும் வலித்தது. ஆனால் வலிப்பது ஒன்று, சட்டம் ஒன்று, அறம் ஒன்று. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றால், ஜான் க்வெலானே என்ற பத்திரிகையாளர் 2008-ல் ஒருபால் விருப்பம் கொண்டவர்களைக் கேவலப்படுத்தி ஒரு பத்தி எழுதினார். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2021 ஜூலை 31-ல் வந்த தீர்ப்பு, அந்தப் பத்தி வெறுப்புப் பேச்சுதான் என்றது. அதே மூச்சில், சமத்துவச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் “புண்படுத்துவது” என்றிருந்த பகுதியையும் செல்லாது என்றது. மனம் புண்பட்டது என்பது மட்டும் ஒருவரைச் சட்டத்தால் தடுக்கப் போதாது, கேடு விளைவிக்கும் நோக்கமும் அதோடு வெறுப்பைப் பரப்பும் நோக்கமும் தெரிய வேண்டும். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். புண்பட்டவர்கள் எல்லாரும் வழக்குப் போட்டால் நம் மாமியார் மருமகள் யாரும் வெளியே நடமாட முடியாது.

அறத்துக்கு வருவோம். “பெரும்பாலோர்” என்று சொன்னாரே, எண்ணினாரா? எண்ணவில்லை. எங்கே நின்று சொன்னார்? இளைஞர் தினத்தில், தன் கட்சிக்காரர்கள் கைதட்டும் கூட்டத்தில். சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் வந்து, நம் கண்ணைப் பார்த்து, “நீங்கள் வேலைக்கார அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறீர்களே, ஏன்?” என்று கேட்டிருந்தால் அவரை நான் மதித்திருப்பேன். தனக்கு ஓட்டுப் போடாத ஜனத்தை, அவர்கள் இல்லாத இடத்தில் திட்டுவதற்குத் தைரியம் எதற்கு?

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகி விடாதீர்கள். அவர் கேட்காத அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்தத் தட்டு இருக்கிறதா? கூட்டத்துக்காகச் சொன்னது என்பதால் அது முழுக்கப் பொய்யாகிவிடாது. சொன்னவரின் நேர்மை குறைந்தது, அவ்வளவுதான். அவர் மேல் கோபப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் அண்ணன் கறுப்பினத்தவரைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசும்போது அந்தக் கோபத்தில் கால்வாசி வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இனஒதுக்கல் ஆட்சியின் கடைசி அதிபர் டி கிளார்க் மன்னிப்புக் கேட்டாரே, ஏற்கலாமா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எந்த மன்னிப்பு? அவர் கணக்கில் பல உண்டு. 2020 பிப்ரவரியில் தொலைக்காட்சிப் பேட்டியில், இனஒதுக்கல் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பதை முழுக்க ஏற்கவில்லை என்றார். நாடு கொதித்ததும் அவருடைய அறக்கட்டளை, அப்படிச் சொல்வதே பழைய சோவியத் பிரசாரம் என்று ஓர் அறிக்கை விட்டது. மூன்று நாள் கழித்து, 17-ஆம் தேதி, அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். இதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடாளுமன்றத்திலேயே அவரை வெளியேற்றச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள், அந்த நெருக்கடிக்குக் கொடுத்த விலை அது.

2021 நவம்பர் 11-ல் செத்தார். அன்றைக்கே ஒரு காணொளி வெளியிட்டார்கள். நோயில் மெலிந்த முகம். கறுப்பின, கலப்பின, இந்திய மக்களுக்கு இனஒதுக்கல் செய்த வலிக்கும் அவமானத்துக்கும் சேதத்துக்கும் எந்த நிபந்தனையும் இல்லாமல் மன்னிப்புக் கேட்டார். “ஆனால்” என்ற சொல்லே இல்லாத மன்னிப்பு அவர் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அது உண்மை என்றே எனக்குப் பட்டது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு “அப்படியானால் 1985-ல் உங்கள் அரசின் கையில் செத்தார்களே, மண்ணைத் தோண்டிப் புதைத்தோமே, அந்தப் பையன்களைப் பற்றி என்ன தெரியும்? யார் உத்தரவு?” என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் கேட்டிருப்போம். ஏற்பதும் ஏற்காததும் அந்தப் பையன்களின் அம்மாக்கள் சொல்ல வேண்டியது. நீங்களும் நானும் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் காந்தியின் பழைய எழுத்தைக் காட்டிச் சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— ஒரு மாணவர், டர்பன்

பதில்: அவர் 1890-களிலும் 1900-களின் ஆரம்பத்திலும் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியவை கேவலமானவை. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். “அந்தக் காலம் அப்படி” என்று ஆரம்பிக்காதீர்கள். அதே காலத்தில், பீனிக்ஸுக்குப் பக்கத்திலேயே, இனாண்டாவில் கறுப்பினத் தலைவர் ஜான் டுபே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 1903-ல் காந்தி ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை தொடங்கினார், அதே வருடம் டுபே ‘இலாங்கா’ பத்திரிகை தொடங்கினார். அவரைக் கேட்டிருந்தால் அந்தக் காலம் எப்படி என்று வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

காந்தி அன்றைக்கு யாரைப் பார்த்து எழுதினார் என்று கவனியுங்கள். வெள்ளைக்காரரைப் பார்த்து. எங்களை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்று. மேலே இருப்பவரிடம் சலுகை கேட்கும்போது கீழே இருப்பவரைக் கொடுத்துவிட்டுக் கேட்பது நம் சமூகத்தின் பழைய நோய், அவர் விதிவிலக்கில்லை. 1908 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் வெள்ளைக்காரர் சபையில் பேசும்போது, எல்லா இனங்களும் ஒன்றுகலந்து உலகம் கண்டிராத ஒரு நாகரிகத்தை உண்டாக்குவதே நாம் விட்டுச்செல்ல வேண்டிய சொத்து அல்லவா என்று கேட்டார். அதே வெள்ளைக்காரர் காது, ஆனால் அவர்களுக்குப் பிடிக்காத பேச்சு. இரண்டையும் நண்பர்களிடம் காட்டுங்கள். சிலை வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா 1984-ல் மூன்று சபை நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அவரைத் துரோகி என்று நோட்டீஸ் அடித்தார்களாம். அது நியாயமா?
— ஒரு வாசகி, ஐசிபிங்கோ

பதில்: அந்த ஆகஸ்ட் 28-ல் இந்தியர் சபைக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் பதிவு செய்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர். வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. கறுப்பின மக்களுக்கு ஓட்டே இல்லாத நாடாளுமன்றத்தில் நமக்கு ஒரு மூலை. போடாதே என்று சொன்ன பக்கம் நான். நோட்டீஸ்கள் எங்கள் ரோனியோ நகல் எந்திரத்தில் ஓடியவை, மசி விரலில் ஒட்டி ஒரு வாரம் போகாது.

வேட்பாளராக நின்றவரைத் துரோகி என்றது எனக்கு இன்றும் சரி. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பொதுமேடைக்கு வந்தவர். அவரும் பதிலுக்கு நோட்டீஸ் அடிக்கலாம், அடிக்கவும் செய்தார். பென்ஷன் நின்றுவிடும் என்று பயமுறுத்தப்பட்டு ஓட்டுச்சாவடிக்குப் போன கிழவனைத் துரோகி என்றது அநியாயம். அவருக்கு மேடையும் இல்லை, ரோனியோவும் இல்லை. உங்கள் தாத்தா எந்த வகை என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.

கேள்வி: பெயர் போடாமல் அறிக்கை விடுவது கோழைத்தனமா?
— பெயர் வேண்டாம், வெருலம்

பதில்: காலத்தைப் பொறுத்தது. 1986 ஜூன் 12-ல் நாடு முழுவதும் நெருக்கடி நிலை வந்தபோது பெயர் போட்டால் ஜெயில். விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. அப்போது பெயரில்லாமல் அடித்தோம், வெட்கப்படவில்லை. அதற்கு முன்னால் 1984 செப்டம்பரில், பிடிவாரண்டுக்குத் தப்பிய ஆறு இனஒதுக்கல் எதிர்ப்புத் தலைவர்கள், ஆர்ச்சி குமேடே, பில்லி நாயர், எம்.ஜே. நாயுடு எல்லாரும், டர்பனில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். உலகமே இந்த நாட்டின் சட்டத்தைப் பற்றிப் பேசியது. அவர்கள் முகத்தையே அறிக்கையாகக் கொடுத்தார்கள், வெளியே வந்ததும் பெரும்பாலோர் பிடிபட்டார்கள்.

இன்றைக்கு உங்களுக்கு என்ன ஆபத்து? கவுன்சிலர் முறைப்பார், டெண்டர் போகும், சம்பந்தி வீட்டில் பேச மாட்டார்கள். அதற்கெல்லாம் பெயரை மறைப்பதாக இருந்தால், யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர் பெயரையும் எழுதாதீர்கள். இல்லை, வேலையோ உயிரோ நிஜமாகவே போகும் என்றால், நம்பிக்கையான ஒரு நிருபரிடம் உங்கள் பெயரையும் ஆதாரத்தையும் கொடுங்கள், அவர் விசாரித்து அவர் பெயரில் எழுதட்டும். ரேட் பேயர்ஸ் (வீட்டுவரி கட்டுவோர்) சங்கத்தின் சார்பில் என்றால் கூட்டத்தில் எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்களோ அத்தனை பெயரையும் போடுங்கள். ஏழு பேரில் மூன்று பேர்தான் ஒப்புக்கொண்டார்கள் என்றால் மூன்று பெயர் போடுங்கள், “சங்கம்” என்று போடாதீர்கள்.